வரைபடத்தில் இல்லாத ஆள்: ஒரு வேதிப் பொறியியல் துறையின் வரலாறு

(தலித் மாணவர்களும் தோல் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒரு பல்கலைக்கழகத் துறையின் வரலாறு என்று சொன்னால் நமக்கு என்ன நினைவுக்கு வருது? பொன்விழா மலர், வைரவிழா மலர். முதல் பக்கத்தில் கொடை கொடுத்தவர் படம், அடுத்த பக்கத்தில் துணைவேந்தர் படம். அப்புறம் துறைத் தலைவர்களின் வரிசை. கடைசியில், இங்கே படித்துப் பெரிய பதவிக்குப் போனவர்களின் பட்டியல். மலரை மூடி வைத்தால் வரலாறு முடிந்தது. இதை நான் கேலி செய்யவில்லை. அந்த விவரங்கள் நமக்கும் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதற்காகத்தான் பேச வந்திருக்கேன்.

சென்னை கிண்டியில் இருக்கிற ஏ.சி. டெக் எல்லாருக்கும் தெரியும். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. அழகப்ப செட்டியார் 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். வேதிப் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்று 1940களிலேயே மூன்று படிப்புகள் அங்கே வந்துவிட்டன. 1978இல் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது இதுவும் அதற்குள் வந்தது. இந்தத் துறைக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.எஸ். லத்தா. ஒரு திரவத்தில் கரைந்திருப்பதை இன்னொரு திரவத்தால் பிரித்தெடுப்பது பற்றி அவரும் தெகலீசனும் 1970களில் எழுதிய புத்தகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கப்பட்டது. இதெல்லாம் உண்மை. இதையெல்லாம் யாரும் மறுக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இதற்கு முன்னால் இரண்டு இடங்களைச் சொல்லணும். 1921இல் வங்காளத்தில் தேசியக் கல்விக் கழகத்தார் தொடங்கிய படிப்பு. அதுதான் பின்னால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துறையானது. அடுத்தது 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கடராமன். பம்பாய்த் துறை மில் முதலாளிகளின் தேவையிலிருந்து வந்தது. துணிக்குச் சாயம் போடணும், அதுக்குப் படிச்ச ஆள் வேணும். சென்னையிலும் துணி, தோல் என்று இரண்டு தொழில்களை முன்வைத்துத்தான் கல்லூரி வந்தது. பல்கலைக்கழகத் துறை ஒன்றும் சரஸ்வதி கடாட்சத்தில் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. மூலதனத்துக்கு ஒரு தேவை வரும்போது பிறக்கிறது.

இப்போது 1944 என்கிற ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்போது பாபாசாகேப் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் சென்னைக்கும் வந்திருந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1942இல், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைப் பற்றி அவர் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதியை நம் இளைஞர்கள் கட்டாயம் படிக்கணும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களைத் தூக்கிவிடாது, அறிவியல், தொழில்நுட்பத்தில் உயர்படிப்பு வேணும், அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும் என்று கேட்கிறார். அதன் விளைவாக 1944இல் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் வந்தது. எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். இந்தியா முழுவதுக்கும், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 3 லட்சம். அதே ஆண்டில் சென்னையில் ஒரு தனிமனிதர் ஒரே ஒரு கல்லூரிக்குக் கொடுத்தது 5 லட்சம். செட்டியாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் கொடுத்தார், பாராட்டலாம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர் அவர். அரசாங்கத்தின் கை எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதைத்தான் காட்டுகிறேன். அந்தக் குறுகிய கையிலிருந்தும் பிடுங்கி வாங்கிக் கொடுத்தவர் அம்பேத்கர். இன்றைக்கு நம் பிள்ளைகள் கல்லூரியில் வாங்குகிற உதவித்தொகைக்கு அதுதான் வேர்.

அடுத்த காட்சி 1951. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி ஆணைப்படி நிரப்பி வந்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துப் போன வழக்கில் செண்பகம் துரைராஜன் பெயரைத்தான் எல்லாரும் சொல்றோம். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கு. அவரோடு சேர்ந்து வழக்குப் போட்ட சீனிவாசன் என்பவரை மறந்துடறோம். அவர் கேட்டது பொறியியல் கல்லூரி இடம். ஆக, இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்த வைத்த சண்டையில் ஒரு பாதி பொறியியல் இடத்துக்கான சண்டை. 14இல் 2 நமக்கு என்றதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. உச்சநீதிமன்றம் ஆணையைத் தள்ளியது. பெரியாரின் போராட்டம் எழுந்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது.

அப்புறம் வந்தது நுழைவுத் தேர்வு. 1984இலிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு. நகரத்தில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன் உள்ளே போனான். 2007இல் அது ஒழிந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேரி வீட்டுப் பிள்ளை கிண்டிக்குப் போக வழி வந்தது. 2009இல் அருந்ததியர்க்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லியது. தோலைத் தொட்டதற்காகவே தள்ளி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, தோல் தொழில்நுட்பம் கற்பிக்கிற கல்லூரியில் ஓர் உறுதியான இடம் கிடைக்க, அந்தக் கல்லூரி தொடங்கி 65 வருஷம் ஆகியிருக்கு. அந்த 65 வருஷத்தை எந்த விழா மலரில் எழுதுவார்கள்?

இப்ப தோலுக்கு வர்றேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்கிற வெள்ளைக்காரர், சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையை அரசு செலவில் நடத்தினார். கவலை ஏற்றத்துக்குத் தண்ணீர்ப் பறி வேணும், அது சீக்கிரம் நைந்து போகக் கூடாது என்பது அவர் கணக்கு. குரோம்பேட்டை என்கிற ஊர்ப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஏ.சி. டெக்குக்குப் பக்கத்திலேயே. கல்லூரியின் தோல் படிப்பும் ஆராய்ச்சி நிலையமும் கைகோத்துத்தான் வளர்ந்தன.

என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் அதன் தீட்டு போய்விட்டது. தோலில் பட்டம் வாங்கலாம், ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போய் முனைவர் ஆகலாம், எந்த அக்கிரகாரத்திலும் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் செத்த மாட்டை உரித்தவனுக்குத் தீட்டு போகவில்லை. 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டை உரித்த நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்களே, அந்த ஆண்டிலும் நாட்டில் தோல் தொழில்நுட்பப் பட்டதாரிகள் பட்டம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆக, தீட்டு என்பது பொருளில் இல்லை. யார் தொடுகிறார் என்பதில் இருக்கு.

எங்கப்பா பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். ஷாப்பின் பெயர் வேண்டாம். படிப்பு மூணாவது வரைதான். தொட்டியில் கிடக்கிற தோலைத் தூக்கி, மயிரைக் கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். வேரோடு வழுக்கிட்டு வந்தால் சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பு நீக்கிய தோலைக் கட்டை விரலால் அழுத்துவார். ரேகை அப்படியே பதிந்து நின்றால் தோல் பக்குவம். ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும் ஏறின தோலில் ஓரத்தை வெட்டிப் பார்ப்பார். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் சாறு உள்ளே போகவில்லை, திரும்பத் தொட்டிக்குப் போகணும். குரோம் போட்ட தோல் என்றால் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருங்கினால் வேகவில்லை என்று அர்த்தம்.

நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், வேதித் தொழில்நுட்பத் தாளில் தோல் பற்றி நாலைந்து பக்கம் இருந்தது. ஆசிரியர் கேட்டார், சாறு முழுக்க ஊடுருவியதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று. நான் ஓரத்தை வெட்டிப் பார்ப்பதைச் சொன்னேன். "அது உங்க ஊர்ப் பழக்கம், புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லு" என்றார். வகுப்பு சிரித்தது. நூலகத்துக்குப் போய்ப் பெரிய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே வெட்டிப் பார்க்கும் சோதனை, கொதிநீர்ச் சோதனை, விரல் ரேகைச் சோதனை, மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கப்பா கை செய்ததுதான். அவர் செய்தால் பழக்கம், அச்சில் வந்தால் விஞ்ஞானம். நம்மகிட்ட அறிவு இல்லை என்பதல்ல பிரச்சினை. நம் அறிவுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் வேறு கையில் இருக்கு.

அதற்காக, புத்தக அறிவே வேண்டாம், பாட்டன் வழிதான் வழி என்று நான் சொல்ல மாட்டேன். அது நம்மைத் திரும்பத் தொட்டிக்குள் தள்ளும் பேச்சு. இந்தத் துறையின் அடிப்படைக் கருத்தில் நமக்குப் பயன்படும் ஒரு சேதி இருக்கு. 1888இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் என்கிற பெயரில் முதல் பட்டப்படிப்பு தொடங்கியபோது அது வேதியியலும் இயந்திரவியலும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறுதான். சர்க்கரைக்கு ஒரு பாடம், சோப்புக்கு ஒரு பாடம், தோலுக்கு ஒரு பாடம். 1915இல் ஆர்தர் லிட்டில் என்பவர் அதை மாற்றிப் போட்டார். பொருளைப் பார்க்காதே, செயலைப் பார் என்றார். அரைத்தல், கலத்தல், வடிகட்டல், ஆவியாக்கல், உலர்த்தல், வாலை வடித்தல். எந்த ஆலையும் இந்தச் சில செயல்களின் கோவைதான். 1923இல் வாக்கர், லூயிஸ், மக்ஆடம்ஸ் மூவரும் இதை வைத்துப் பாடநூல் எழுதினார்கள். அதன் பிறகுதான் இது தனித்துறையாக நிமிர்ந்தது. நம்ம ஊர்த் துறைகளெல்லாம் அந்த அடித்தளத்தில் எழும்பியவை.

இதை நம் கண்ணால் பாருங்கள். சாதி என்ன செய்கிறது? ஒரு பொருளை ஒரு மனிதன் மேல் ஒட்டுகிறது. தோல் என்றால் இன்ன சாதி, மலம் என்றால் இன்ன சாதி, துணி வெளுத்தால் இன்ன சாதி. இந்தப் படிப்பு அந்த ஒட்டைப் பிய்க்கிறது. தோலுக்குள் சாறு ஊறுவதும், கரும்புச் சக்கையிலிருந்து சர்க்கரை கரைந்து வெளியேறுவதும் ஒரே கணக்கு. பீங்கான் கோபுரத்தில் நடந்தாலும் மண் தொட்டியில் நடந்தாலும் ஊடுபரவல் ஊடுபரவல்தான். அதற்குச் சாதி கிடையாது. நம் பிள்ளை இந்தக் கணக்கைப் படித்தால் எந்த ஆலைக்கும் போகலாம். அப்பனின் தொட்டியோடு அவனைக் கட்டிப் போட முடியாது.

ஆனால் இதே கருத்து ஒன்றை மறைக்கவும் செய்கிறது. நான் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தேன். அங்கே சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பம்பும், வால்வும், குழாயும் எண்ணோடு இருக்கும். ஒரு சின்ன வால்வு விடுபட்டாலும் திட்டு விழும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைத் துடைக்க உள்ளே இறங்குகிற ஆள் அந்த வரைபடத்தில் இல்லை. அவர் ஒப்பந்தக்காரர் கூட்டி வருகிறவர். வருகைப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு வாயு. தோல் ஷாப்பில் சுண்ணாம்போடு சேர்க்கிற சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் இது கிளம்பும். மலக்குழியில் தானாகவே உண்டாகும். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. ஆள் பாதுகாப்பு என்று நினைப்பான், சில நிமிடத்தில் சரிவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சரிவான். இதே வாயு கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையிலும் வருகிறது. மணலி மாதிரியான சுத்திகரிப்பு ஆலைகளில் என்ன செய்கிறார்கள்? எஃகுக் கோபுரத்துக்குள் அமீன் கரைசலில் அதை உறிஞ்சிப் பிடித்து, கந்தகமாக மாற்றி விற்கிறார்கள். சுற்றிலும் எச்சரிக்கை மணி. இந்த உறிஞ்சும் கோபுரத்தின் உயரம், அகலம் கணக்கிடுவது எங்கள் துறையில் அரிச்சுவடிப் பாடம். கந்தகம் விலை போகும் பொருள் என்கிற இடத்தில் வாயுவைப் பிடிக்க 19ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மலக்குழியில் மட்டும் மனிதனை இறக்கி விடுகிறார்கள். 1993இல் சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், 2014இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று தீர்ப்பு, 2023இல் 30 லட்சம் என்று தீர்ப்பு. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. இது தொழில்நுட்பம் தெரியாததால் நடக்கும் சாவா? தெரிந்த தொழில்நுட்பத்தை நமக்காகச் செலவு செய்ய மறுப்பதால் நடக்கும் சாவு.

பாலாற்றின் கதையும் இதுதான். 1970களின் தொடக்கத்தில் அரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுசாகப் பதனிட்ட தோலாக அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடியது. ஆவாரம்பட்டை பின்னுக்குப் போய் குரோம் பெருகியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மண்ணும் கிணறும் கெட்டன. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல், மலையாகக் குவிந்து கிடந்தது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்று பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சேற்றில் மூழ்கினார்கள். 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரைச் சுத்தம் பண்ண வந்த எங்கள் துறைத் தொழில்நுட்பமே ஆளைக் கொன்றது.

இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற ஜார்ஜ் டேவிஸ் யார் தெரியுமா? இங்கிலாந்தில் சோடா ஆலைகள் கக்கிய அமில வாயுவைக் கட்டுப்படுத்த 1863இல் ஒரு சட்டம் போட்டார்கள். வாயுவில் 95 சதவீதத்தை ஆலைக்குள்ளேயே பிடித்துவிட வேண்டும் என்பது சட்டம். அதை ஆய்வு செய்யும் அதிகாரியாக வேலை பார்த்தவர் அவர். ஆலை ஆலையாக நுழைந்து பார்த்த அனுபவத்தில்தான் 1887இல் மான்செஸ்டரில் 12 சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆக, இந்தத் துறையின் தொட்டிலில், முதலாளிக்கு லாபம் கணக்கிடுவது மட்டும் இல்லை, ஆலையின் விஷம் வெளியில் இருக்கிறவனைத் தொடக் கூடாது என்கிற கடமையும் இருந்தது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கில் மக்கள் செத்த பிறகுதான், 1985இல் அமெரிக்க வேதிப் பொறியாளர் சங்கமே ஆலைப் பாதுகாப்புக்கு என்று தனி மையம் வைத்தது. மறந்த கடமையை நினைவூட்ட நம்மைப் போன்றவர்கள் சாக வேண்டியிருக்கு.

சரி, நாம் என்ன செய்யலாம்? மூன்று சொல்றேன்.

முதலாவது, கணக்குக் கேட்கணும். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையில் இருக்கு. ஒவ்வொரு துறையிலும் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுவாரியாக எத்தனை தலித் மாணவர், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் ஆராய்ச்சிக்குப் போனார்கள், ஆசிரியர் சுழற்சிப் பட்டியலில் நம் இடங்கள் எத்தனை காலி. இந்த எண்கள் இல்லாமல் எழுதப்படும் எந்தத் துறை வரலாறும் அரைகுறை வரலாறு.

இரண்டாவது, பாடத்திட்டம். மலக்குழியும் தோல் தொட்டியும் வேதிப் பொறியியலின் பிரச்சினைகள். அவற்றுக்கு வடிவமைப்புத் தாள் வைக்கச் சொல்லணும். 2018இல் கேரளத்தில் இளம் பொறியியல் பட்டதாரிகள் சாக்கடைக் குழிக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்கும் ஓர் இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள். பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்களால் செய்ய முடிந்திருக்கு.

மூன்றாவது நமக்குள். உங்கள் வீட்டில் தொட்டி வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த இலை, எந்தப் பட்டை, எத்தனை நாள், எப்படிப் பார்ப்பது, கையில் எப்படிப் புண் வந்தது, கூலி என்ன, யார் அடித்தான் என்று எல்லாவற்றையும். பெருமையை மட்டும் எழுதி வைத்தால் அது குலத்தொழில் புராணமாகிவிடும். வலியை மட்டும் எழுதினால் நாம் ஒன்றும் தெரியாதவர்கள் ஆகிவிடுவோம். இரண்டையும் எழுதுங்கள். கூடவே அந்த வீட்டுப் பிள்ளையைக் கணக்குப் படிக்க வையுங்கள்.

அந்தப் பிள்ளை நாளைக்கு ஓர் ஆலையில் உட்கார்ந்து வரைபடம் போடும்போது, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதட்டும்: இதை யார் துடைப்பது, எப்படித் துடைப்பது, உள்ளே இறங்காமல் துடைக்க என்ன வழி? பதில் இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும். அந்தக் கையெழுத்துக்கான உரிமை நம் பிள்ளைகளுக்கு வேணும் என்றுதான் 1942இல் அம்பேத்கர் மனு எழுதினார்.

ஜெய் பீம்.